ஆளுக்கு அரை டிகிரி

ஜூலை 2

பெரியம்மா பெற்றெடுத்த பெருமாட்டிக்கு,

பொன்னெழுத்துகளில் பொறிக்கப்பட வேண்டிய செய்தி ஒன்றை, நிறைந்த நெஞ்சோடும் காலி வயிற்றோடும் அறிவிக்கிறேன். இன்று காலை நம் பல்கலைக்கழகத்தின் நகர வளாகத்தில், கலைப்பிரிவு முதலாண்டு மாணவனாகிய எனக்கு நூலக அட்டை வழங்கப்பட்டது. விழாவுக்கு நூலக உதவியாளர் தலைமை தாங்கினார். பார்வையாளராகவும் அவரே இருந்தார். அட்டையில் இருக்கும் படத்தில் என் கண்கள் மூடியிருக்கின்றன.

"சார், வேற படம் எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"உள்ள வந்து எப்படி இருக்கப் போறியோ அப்படித்தான் விழுந்திருக்கு. போ, போ" என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் விடுதித் தொலைபேசியில் பேசினால் வார்டன் பக்கத்தில் நின்றுகொண்டு நம் பேச்சுக்கு "ம்" கொட்டுவதால், இதைக் கடிதத்தில்தான் எழுத முடியும்.

முதலாண்டுப் பாடத்திட்டத்தை மாணவரே வகுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கையேடு கொடுத்திருக்கிறார்களே, உனக்கும் வந்திருக்கும். அரையாண்டுக்கு நான்கு தாள். அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுக் கடை அட்டை மாதிரி இருக்கேடா, இதுல உனக்கு எது செரிக்கும்?" என்றாள். நான் மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தேன். படுத்தும் யோசித்தேன். பிறந்தது திட்டம்.

கவனி. நீ மலை வளாகம், நான் நகர வளாகம். ஆனால் பாடங்கள் ஒன்றுதான், ஆண்டுக் கடைசியில் தேர்வும் ஒன்றுதான். முதலாண்டு விரிவுரைகளுக்கு வருகைப் பதிவு கிடையாது. ஆகவே நாம் இருவரும் ஒரே நான்கு தாள்களை எடுப்போம். இரண்டு வகுப்புகளுக்கு நீ போ, இரண்டுக்கு நான் போகிறேன். குறிப்புகளை அஞ்சலில் மாற்றிக்கொள்வோம். உழைப்பு ஆளுக்கு அரை டிகிரி, பட்டம் ஆளுக்கு முழு டிகிரி. இந்த உலகத்தில் எத்தனையோ பெரியம்மா பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் பிறந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் இது தோன்றியதில்லை.

தத்துவமும் புவியியலும் எனக்கு. தத்துவத்துக்கு வாய் இருந்தால் போதுமாம், புவியியலில் வண்ணம் தீட்டலாமாம். வரலாறும் உளவியலும் உனக்கு. முதன்மைப் பாடம் எது என்று இரண்டாம் ஆண்டில்தானே கேட்பார்கள், எந்த வகுப்பறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறதோ அதை எடுத்துக்கொள்வேன்.

சம்மதம் என்று ஒரு வரி எழுது. அறிவுரை என்றால் அஞ்சல்தலையை வீணாக்காதே.

உன் சித்தி வீட்டுச் சிந்தனையாளன்

*

ஜூலை 10

டேய்,

நூலக அட்டைக்கு வாழ்த்துகள். நூலகத்துக்கு அனுதாபங்கள். ஐந்து மாதம் மூத்தவளை அக்கா என்று கூப்பிட்டால் உன் வாய் ஒன்றும் தேய்ந்துவிடாது.

உன் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடத்தான் கையில் எடுத்தேன். அப்போதுதான் இங்கே கால அட்டவணையை ஒட்டினார்கள். வரலாறும் தத்துவமும் ஒரே நாள், ஒரே நேரம். ஒன்று மேட்டில் இருக்கும் பழைய கட்டடத்தில், இன்னொன்று கீழே விளையாட்டுத் திடலுக்குப் பக்கத்தில். அலுவலகத்தில் போய்க் கேட்டேன். எழுத்தர் தலையைத் தூக்காமலே, "ரெண்டுல ஒண்ணை விட்டுடும்மா, வேற நல்ல நல்ல பாடமெல்லாம் இருக்கு" என்றார். கத்திரிக்காய் இல்லை, வெண்டைக்காய் வாங்கிக்கோ என்பது போல.

எனக்கு இரண்டுமே வேண்டும். ஆகவே உன் சோம்பேறித்தனம் எனக்கு உபகாரமாக வந்து தொலைத்திருக்கிறது. சம்மதம்.

ஆனால் சில விஷயங்களைக் காதில் வாங்கிக்கொள். எனக்கு இரண்டாம் ஆண்டில் வரலாறுதான் முதன்மைப் பாடமாக வேண்டும். எந்தப் பாடத்தை முதன்மையாகக் கேட்டாலும் முதலாண்டில் அந்தத் தாளுக்கு அரையாண்டுக்கு ஒன்றாக வரும் இரண்டு கட்டுரைகளிலும் சராசரி அறுபது வாங்கியிருக்க வேண்டுமாம், கையேட்டின் பின்பக்கம் போட்டிருக்கிறது. நீ பின்பக்கம் வரை போயிருக்க மாட்டாய். எனவே இது எனக்கு விளையாட்டு இல்லை. உன் எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். குறிப்புகளில் நகைச்சுவை கூடாது. ஒவ்வொரு கருத்துக்கும் அதைச் சொன்னவர் யார் என்று எழுது. "ஒருத்தர் சொன்னார்" என்று எழுதினால் அந்த ஒருத்தரைத் தேடி உன்னையே அனுப்புவேன்.

அம்மாவிடமும் சித்தியிடமும் மூச்சு விடாதே.

அக்கா

*

ஆகஸ்ட் 7

பெருமதிப்பிற்குரிய மேற்பார்வையாளருக்கு,

இத்துடன் நான்காம் கட்டு வருகிறது. புவியியல் வழக்கம்போல் வண்ணமயம். நீ அனுப்பிய வரலாறும் வந்தது. ஓரம் விட்டு, கோடு போட்டு, ஆண்டுகளுக்குச் சிவப்பு மை. உன் குறிப்பைப் படித்தால் போர்கள்கூட வரிசையில் நின்று, முறை வந்ததும் நடந்த மாதிரி இருக்கின்றன. அம்மா எட்டிப் பார்த்து, "நீயாடா எழுதினே?" என்றாள். ஆமாம் என்றேன். "படிப்பு மனுஷனை மாத்தும்னு சொல்லுவாங்க. கையெழுத்தையுமா மாத்தும்?" என்று சொல்லிவிட்டுப் போனவள், அப்பாவையும் கூட்டிவந்து காட்டினாள். இப்போது வீட்டில் எனக்குத் தனி மரியாதை. காபிகூடக் கேட்காமலே வருகிறது.

இங்கே தத்துவம் எடுப்பவருக்கு நான் காற்புள்ளி சார் என்று பெயர் வைத்திருக்கிறேன். வளாகம் முழுக்கப் பரவிவிட்டது. திங்கட்கிழமை ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார், நடுவில் தண்ணீர் குடிப்பார், கண்ணாடி துடைப்பார், வியாழக்கிழமைதான் பயனிலை வரும். அதற்குள் எழுவாய் யார் என்று எங்களுக்கு மறந்துபோயிருக்கும். அந்த மனிதரின் பேச்சிலிருந்து வரி வரியாகப் பிரித்தெடுத்து உனக்கு அனுப்புகிறேன் என்றால் என் திறமையை நீயே மெச்சிக்கொள். வகுப்பில் எல்லாரும் கொட்டாவி விடும்போது நான் ஒருவன் மட்டும் பேனாவோடு போராடுகிறேன்.

இந்தக் கட்டில் ஆறாம் பக்கத்தைக் கட்டாயம் பார். நாற்காலி ஞானி என்று ஒருவர். சாரே மெய்மறந்து சொன்ன பகுதி. நீ கேட்டபடி யார் சொன்னது என்று எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். ஒரு நகைச்சுவைகூட இல்லை. உன் கடிதங்கள் மாதிரியே இருக்கும்.

குறிப்புலக் கோமான்

*

செப்டம்பர் 12

தம்பி,

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நக்கல் அடிக்காமல் கேள்.

உன் தத்துவக் குறிப்புகளை முதலில் கடமைக்குத்தான் படித்தேன். இப்போது அஞ்சல்காரர் வந்தால் முதலில் அதைத்தான் பிரிக்கிறேன். முக்கியமாக அந்த நாற்காலி ஞானி. நிற்பவனுக்கு நாற்காலி ஓர் ஆசை. உட்கார்ந்தவனுக்கு நாற்காலி என்று ஒன்று இல்லவே இல்லை, மறந்துவிடுகிறான். கால் உடைந்து கீழே விழுந்தவனுக்குத்தான் நாற்காலி என்றால் என்ன என்று தெரிகிறது. ஆகவே அறிவு விழுகிற இடத்தில் தொடங்குகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கே விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஆட்களைவிட நாற்காலிகள் குறைவு. பிந்திப் போனால் தட்டை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான் தினமும் பிந்துகிறேன், வரலாற்று வகுப்பு தூரம் என்பதால். நின்றுகொண்டே சாப்பிடும்போது எனக்கு ஒன்று தோன்றியது. விழுந்தவனுக்கு நாற்காலி தெரியும் என்கிறாரே ஞானி, கடைசி வரை உட்காரவே கிடைக்காதவளுக்கு? அவள் விழவும் இல்லை, மறக்கவும் இல்லை. எந்த நாற்காலி ஆடும், எது எப்போது காலியாகும், யார் எழுந்திருக்கப் போகிறார் என்பதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். அப்படியென்றால் ஞானி சொன்னது பாதிதான்.

தத்துவக் கட்டுரைத் தலைப்பு "அறிவு எங்கே தொடங்குகிறது?" என்று வந்தது. உட்கார்ந்து எழுதினேன். கொடுத்தும்விட்டேன்.

இன்னொன்று. எனக்கு வரலாறு வேண்டாம். இரண்டாம் ஆண்டில் தத்துவம்தான் எடுக்கப் போகிறேன். அம்மா "அதைப் படிச்சுட்டு என்னடி பண்ணுவே?" என்று கேட்பாள். பதிலை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவுக்கும் எங்கள் தத்துவ மேடத்துக்கு என் முகம்கூடத் தெரியாது. எல்லாம் உன் புண்ணியம். நிஜமாகத்தான் சொல்கிறேன், ரொம்ப நன்றிடா.

அக்கா

*

செப்டம்பர் 17

அன்பும் பண்பும் அறிவும் அழகும் நிறைந்த அக்கா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். வீட்டில் எல்லாரும் நலம். பக்கத்து வீட்டாரும் நலம்.

உங்கள் கட்டுரை பற்றி அறிந்து மகிழ்ச்சி. சின்ன சந்தேகம். அந்த நாற்காலி ஞானியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருப்பீர்கள், இல்லையா? ஒரு வரிதானே? இரண்டு என்றாலும் பாதகமில்லை. சுலபமாக அடித்துவிடக்கூடிய இடத்தில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.

கொடுத்த கட்டுரையைத் திரும்ப வாங்கித் திருத்தித் தர அனுமதி உண்டா என்று விசாரிக்கவும். சும்மா ஒரு பொது அறிவுக்குத்தான் கேட்கிறேன்.

வரலாறும் நல்ல பாடம்தான், அக்கா. எனக்கென்னவோ உங்கள் முகத்துக்கு வரலாறுதான் எடுக்கும்.

தங்கள் அன்புத் தம்பி

*

செப்டம்பர் 25

டேய்,

நீ என்னை அக்கா என்று கூப்பிட்டு, போதாததற்கு நீங்கள் என்றும் எழுதினால் வீட்டில் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். எதை உடைத்தாய் என்று பிறகு சொல். இப்போது என் கதையைக் கேள்.

ஒரு வரி இல்லை. மூன்று பக்கக் கட்டுரை. முதல் இரண்டு பக்கம் முழுக்க ஞானிதான். மூன்றாவது பக்கம் என் நிற்பவள்.

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அதற்குப் பதில் மேடம் பச்சை மையில் எழுதியிருக்கிறார்: "இந்த ஞானியை நான் படித்ததில்லை. எந்த நூல்? நேரில் வந்து சொல்லவும்." என் அறைத்தோழி பார்த்துவிட்டு, "உனக்குத் தெரிஞ்சது மேடத்துக்கே தெரியலையாடி?" என்று வாயைப் பிளந்தாள். நான் இரண்டு நாளாகத் தரையில் நடக்கவில்லை.

அந்த நூலின் பெயர், பக்க எண், முடிந்தால் நூலையே வாங்கி அனுப்பு. காற்புள்ளி சாரிடம் கேட்டால் கொடுப்பார். வாக்கியம் முடியும் வரை பொறுமையாக நில். கட்டுரையை அலுவலகம் வழியாக மேடத்துக்கே திரும்ப அனுப்பிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி, பதினொரு மணிக்கு அவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.

சீக்கிரம்.

அக்கா

*

செப்டம்பர் 29

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. இல்லை, வேண்டாம். எப்படியாவது படி.

நாற்காலி ஞானி என்று ஒருவர் கிடையாது. எந்த நூலிலும் இல்லை, எந்த ஊரிலும் இல்லை. நான்தான் உண்டாக்கினேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு நாள் தத்துவ வகுப்புக் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டினேன். "இன்று வகுப்பு உண்டு. தலைப்பு: இல்லாமை. ஆகவே ஆசிரியரும் இருக்க மாட்டார், மாணவரும் இருக்கத் தேவையில்லை." பாதிப் பேர் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பாதி உள்ளே உட்கார்ந்திருக்க, சார் வந்து வகுப்பை நடத்தியும் விட்டார். ஒட்டிக்கொண்டிருக்கும்போதே காவலாளி என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டதால், வகுப்பிலும் இல்லாமல், வீட்டுக்கும் போக முடியாமல் நின்றவன் நான் ஒருவன்தான். பிரிவுத் தலைவர் வரும்வரை அலுவலகத்து நடையில் உட்கார வைத்தார்கள். அங்கே ஒரு நாற்காலி. அதற்கு மூன்று கால்தான் ஒழுங்காக இருந்தது. ஒருமுறை விழுந்தேன். இரண்டாம் முறை விழாமல் இருக்க என்ன வழி என்று யோசித்தேன்.

மாலையில் உனக்குக் கட்டு அனுப்ப வேண்டும். அறிவு பற்றிய முக்கியமான வகுப்பு அது, என்னிடம் ஒரு வரி இல்லை. யாரிடமாவது கேட்டு எழுதியிருக்கலாம். வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறேன் என்று உன்னிடம் அளந்துவிட்டதால் எழுத உட்கார்ந்தேன், வந்தது. நீயோ, யார் சொன்னது என்று எழுதச் சொல்லியிருந்தாய். "நான்" என்று எழுதினால் நீ கிழித்துப் போடுவாய். அதனால் ஒரு ஞானியைப் பெற்றெடுத்தேன். நீ சிரித்துவிட்டு, டேய் என்று திட்டி எழுதுவாய் என்று நினைத்தேன். நீ அதைப் போய் நம்புவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் பதில் எழுது.

தம்பி

*

அக்டோபர் 3

இல்லாத ஆளை மேற்கோள் காட்டினால் கட்டுரைக்குச் சுழியம். கையேட்டில் அதே பின்பக்கத்தில் இருக்கிறது. ஒரு கட்டுரையில் சுழியம் என்றால் சராசரி அறுபதைத் தொடாது, தத்துவம் கிடையாது. வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாம், உயிர் போகாது. எனக்கு இதுதான் வேண்டும் என்று இப்போதுதான் தெரிந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானே போய் மேடத்திடம் சொல்லிக்கொள்கிறேன். யார் எழுதிய குறிப்பு என்று கேட்டால் உன் பெயரைச் சொல்ல மாட்டேன். வாசித்து நம்பியவள் நான்.

நீ ஒன்றும் செய்யாதே. திட்டம் இத்தோடு முடிந்தது. இனி உன் வகுப்புக்கு நீ போ, என் வகுப்புக்கு நான் போகிறேன்.

*

அக்டோபர் 9

அக்கா,

நீ ஒன்றும் செய்யாதே என்றாய். நான் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறேன்?

இன்று விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து உன் மலை வளாகத்துக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். வீட்டில் புவியியல் களப்பணி என்று சொன்னேன். வளைவுகளை எண்ணிக்கொண்டே போனதால் முழுப் பொய்யும் அல்ல. உன்னைப் பார்க்காமல் திரும்பியது நேரமில்லாததால்தான், பயத்தால் என்று நினைத்துவிடாதே.

ராஜநடையில் போய் மேடத்தின் அறைக் கதவைத் தட்டினேன். "யாரு?" என்றார். "உண்மையைச் சொல்ல வந்தவன்" என்றேன். எழுந்தே நின்றுவிட்டார் என்றால் பார்த்துக்கொள். உட்கார் என்றார். "நின்றே பேசுகிறேன் மேடம், நியாயம் கேட்பவன் நிற்க வேண்டும்" என்றேன்.

பிறகு வாதாடினேன் பார், ஒரு பெரிய வக்கீல் தோற்றான். ஞானி பொய், ஆனால் அவர் சொன்னது பொய்யா மேடம்? ஒரு கருத்து உண்மையாக இருக்க, சொன்னவர் பிறந்திருக்க வேண்டுமா? குற்றம் குறிப்பு எழுதியவனுடையது, என் அக்காவோ பால் போன்ற மனசு. நான் அடுக்க அடுக்க மேடம் முகத்தில் ஈயாடவில்லை. கடைசியில், "தம்பி, என் இத்தனை வருஷ அனுபவத்துல இப்படி ஒரு வாதத்தைக் கேட்டதில்லை" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேநீர் வரவழைத்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

நாளை நீ மேடத்தைப் பார்க்கப் போகிறாய். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், காரணம் யார் என்று உனக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். சொல்ல மறந்தேன், என் தத்துவக் கட்டுரையும் வந்துவிட்டது. சார் வாயடைத்துப் போனார்.

உன் வக்கீல் தம்பி

*

அக்டோபர் 16

வக்கீல் சாருக்கு,

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு உள்ளே நுழைந்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டம், குறிப்பு, ஞானி எல்லாம். உன் பெயரைச் சொல்லவில்லை.

மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஞானி இல்லேங்கறது முதல் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சும்மா. நாற்காலியைப் பத்தி இவ்வளவு யோசிச்ச மனுஷனுக்கு ஒரு ஊர் இருக்கும், ஒரு காலம் இருக்கும். இந்த ஆளுக்கு ஒண்ணுமே இல்லையே. நீ ஏன் அதைக் கேக்கலை?" என்றார்.

"நல்லா இருந்துச்சு மேடம், அதனால கேக்கத் தோணலை" என்றேன்.

"அதுதான் ஆபத்து. நல்லா இருந்தா ரெண்டு தடவை கேளு" என்றார்.

ஞானி வருகிற இரண்டு பக்கங்களில் பெரும்பகுதி போயிற்று. அவரை எதிர்த்து நான் எழுதிய மூன்றாம் பக்கத்துக்கு அள்ளிப் போட்டிருக்கிறார். மொத்தம் அறுபத்திரண்டு. நீ புரிந்துகொண்டாயா? அறுபத்திரண்டுடா. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், அது வேறு கதை.

வகுப்புக்கே வராமல் இருந்ததற்குத்தான் ரொம்பக் கோபப்பட்டார். இரண்டு வகுப்பும் ஒரே நேரம் என்று சொன்னதும் கோபம் என்னைவிட்டு அலுவலகத்தின் மேல் போனது. என்னையும் இழுத்துக்கொண்டு எழுத்தரிடம் போனார். "முகம் தெரியாத பொண்ணே இவ்வளவு எழுதினா, முகம் தெரிஞ்சா எவ்வளவு எழுதுவா? நேரத்தை மாத்துங்க" என்றார். அடுத்த அரையாண்டில் தத்துவம் செவ்வாய்க்கிழமை. எழுத்தர் முதன்முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

ஆகவே என் பாடத்திட்டத்தை நான் வகுத்தாயிற்று. தத்துவம், வரலாறு, உளவியல், தர்க்கம். புவியியலை விட்டுவிட்டேன், உன் வண்ணங்கள் கண்ணைப் பறிக்கின்றன. எல்லா வகுப்புக்கும் நானே போவேன். உன்னுடையதை நீ வகுத்துக்கொள்.

உன்மேல் கோபம் இன்னும் இருக்கிறது. நீ பேருந்து ஏறிப் போனதைக் கேட்டதிலிருந்து கொஞ்சம் குறைவு. ஆனால் ஒரு சந்தேகம். "நேத்து உன் தம்பி வந்திருந்தான்" என்று மேடம்தான் தொடங்கினார். நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் சிரிப்பு தாங்காமல் நிறுத்திவிட்டார். நீ எழுதிய வக்கீல் கதையோடு அவர் சொன்ன பாதி கொஞ்சமும் ஒட்டவில்லை.

மீதியை நீ எழுது. மரியாதையாக.

அக்கா

*

அக்டோபர் 21

அக்கா,

சரி.

ராஜநடை எதுவும் இல்லை. மேடம் அறை வாசலில் வெகுநேரம் நின்றேன். பேச வேண்டியதைப் பேருந்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். உண்மையைச் சொல்ல வந்தவன் என்ற வரியெல்லாம் அதில் நிஜமாகவே உண்டு. கதவைத் தட்டவில்லை. மேடமே தண்ணீர்க் குப்பியோடு வெளியே வந்தவர் என்மேல் முட்டிக்கொண்டார்.

"யாருப்பா நீ?" என்றார்.

எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. பயந்தால் வரும், உனக்குத் தெரியும். "நான்தான் மேடம்" என்றேன், விக்கினேன். "நாற்காலி" என்றேன், மறுபடி விக்கினேன். நான்தான் நாற்காலி. மூன்று பக்கத்துக்கு உனக்கு எழுதிய வாதம் அவ்வளவுதான்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாற்காலியா? ஞானியா?" என்றார். ஞானி என்று தலையாட்டினேன். குப்பியை என் கையில் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். தேநீர் என்று நான் எழுதியது இந்தத் தண்ணீரைத்தான்.

உள்ளே போனால் உன் கட்டுரை மேசைமேல் இருந்தது. அறுபத்திரண்டு ஏற்கெனவே போட்டிருந்தார், அக்கா. நான் பேருந்து ஏறியதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் வீட்டிலேயே படுத்திருந்தாலும் உனக்கு அதே மதிப்பெண்தான் வந்திருக்கும். மூன்றாம் பக்கத்தைத் தட்டிக்காட்டி, "இதை எழுதினதும் நீயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தெரியும். நீ உண்டாக்கின ஆளு உட்கார்றதையும் விழுறதையும் பத்தித்தான் பேசறான். இவ நிக்கறாளே" என்றார்.

பிறகு நான் தவறவிட்ட அந்த வகுப்பை, எனக்கு ஒருவனுக்காக, முழுசாக நடத்தினார். நடுவில் நான் இரண்டு கேள்வி கேட்டேன். விக்கல் எப்போது நின்றது என்று தெரியவில்லை. வழியனுப்ப வாசல் வரை வந்தார் என்பது மட்டும் உண்மை. கதவைச் சாத்துவதற்காக வந்தார்.

எந்த வகுப்பில் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறதோ அதுதான் என் முதன்மைப் பாடம் என்று எழுதியவன் நான். காற்புள்ளி சார் வகுப்பில் மின்விசிறியே கிடையாது. இருந்தும் இரண்டு வாரமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் தத்துவம்தான் வேண்டும், அக்கா. சிரிக்காதே.

அதனால்தான் கடைசி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கட்டுரையைப் பார்த்துச் சார் வாயடைத்துப் போனார் என்று எழுதினேன். வாயடைத்தது நான். ஐம்பத்தொன்று. அம்மாவிடம் தலைகீழாகக் காட்டித் தப்பிக்கலாமா என்று பார்த்தேன், அப்படிப் பார்த்தால் பதினைந்து ஆகிறது. அடுத்த அரையாண்டுக் கட்டுரையில் ஈடுகட்டினால்தான் எனக்கு இடம். பாடநூலில் இருந்ததை வரிசை மாறாமல் எடுத்து எழுதியிருந்தேன். சார் கீழே எழுதியிருப்பது: "எல்லாம் சரி. சொந்தமாக ஒரு யோசனைகூட இல்லை."

பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா, அந்த நாற்காலி விஷயத்தை எங்ககிட்டல்லாம் அவ்வளவு நேரம் பேசினியே, அதை எழுதியிருக்கலாமே?" என்று கேட்டான். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். உன்னிடம் மழுப்ப முடியாது. என் பெயரைப் போட்டு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கு இருந்த தைரியமெல்லாம் ஞானியின் பெயரில் உன் கட்டுரைக்குள் போய்விட்டது.

தம்பி